கடல் வாசலும் காசிமும்

காசிம் மௌத்தாகிவிட்ட செய்தி எனக்குப் படகுத்துறையில்தான் கிடைத்தது. வண்டிக்கார முனியன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "கிராணியாரே, காசிம் அண்ணன் போயிட்டாரு" என்றான். ஐயோ என்று வாய் திறக்கும் முன்பே, இனி சரக்குக் கிட்டங்கிக்குத் தலைவர் யார் என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது. அவரையும் என்னையும் அறிந்த உங்களிடம் இதை மாற்றிச் சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

அந்த வேலை எனக்கு வரவேண்டியது. நம் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணிகளில் நான்தான் மூத்தவன். முதலாளி எங்கிருந்தோ அவரை வரவழைத்து என் தலைக்கு மேல் உட்காரவைத்தார். வந்த மனிதர் உட்காரவும் இல்லை. மாதக்கணக்கில் மூட்டைகளின் பின்னாலேயே அலைந்தார். மாட்டுவண்டியோடு ஜெலுத்தோங் கடைகள் வரை நடந்தார். சரக்குப் படகில் ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் போய் ரயிலடியில் நின்றார். "சம்பளம் வாங்கிக்கிட்டு ஊர் சுத்துறாரு" என்று முதலாளியிடம் பற்றவைத்தேன். "சுத்தட்டும் லா" என்றார் முதலாளி.

எந்தக் கப்பலில் வந்ததோ அந்தக் கப்பல் வாரியாகச் சரக்கை அடுக்குவது நம் வழக்கம். நாகப்பட்டினத்து வெங்காயம் ரங்கூன் அரிசிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அழுகும். அரிசியை நகர்த்துவதற்குள் கடலில் தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். காசிம் சொன்னார்: "எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க. எங்கே போவுதுன்னு கேளுங்க." அக்கரைக்குப் போவதைக் கடல் வாசலருகே வைத்தார், ஊர்க் கடைகளுக்குப் போவதைத் தெரு வாசலருகே வைத்தார். அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லையே என்று அன்று வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

ஒருநாள் ஜெலுத்தோங்கிலிருந்து வண்டிகள் காலியாகத் திரும்புவதைப் பார்த்து, "சும்மா வருதே" என்று காசிம் காதுபட முணுமுணுத்தேன். மறுவாரமே அவை தேங்காயெண்ணெய் ஏற்றிக்கொண்டு வந்தன. முதலாளி மெச்சியபோது காசிம், "யோசனை கிராணியாரோடது" என்று என்னைக் காட்டினார். பாவி மனிதர்! அந்த யோசனையைத் தனதென்று சொல்லியிருந்தால் நிம்மதியாக அவரை வெறுத்திருப்பேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அவர் ஜனாஸாவைச் சுமந்து வந்தபோது, சீனப் படகோட்டிகள்கூட வெளியே வெயிலில் காத்து நின்றார்கள். எனக்கு இதில் பாதிப்பேராவது வருவார்களா என்று அங்கேயும் கணக்குப் போட்டேன்.

போன வாரம் முதலாளி அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். அரிசிக் கப்பல் வந்தது. "பழையபடி கப்பல் வாரியா அடுக்குங்க" என்றேன். ஆட்கள் அப்படியே அடுக்கினார்கள். மறுநாள் பட்டர்வொர்த் படகு காத்து நின்றது, அதில் ஏறவேண்டிய மிளகாய் மூட்டைகள் அரிசிக்குப் பின்னால் கிடந்தன, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் என் முகத்தையே பார்த்தார்கள்.

"எப்படி வைக்கணும், சொல்லுங்க" என்றான் முனியன். குரலில் கேலி இல்லை.

"காசிம் வச்ச மாதிரியே வைங்கப்பா" என்றேன்.

அவருடைய வேலை என்னிடம் வந்துவிட்டது. அவர் மேல் கொண்ட பொறாமையும் அப்படியே என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டத்தான் ஆள் இல்லை.