கயிற்று மாலையும் நாலரை நட்சத்திரமும்

இது 2005 வாக்கில், தை பிறக்கச் சில வாரங்கள் இருந்தபோது வாலாஜாபாத்தில் நடந்தது. எனக்கு ஊர் உத்திரமேரூர். வாடகைக் கார் ஓட்டுவது தொழில். ஆனால் அந்தச் சமயத்தில் என்னிடம் காரே இல்லை. இருந்த அம்பாசிடரை விற்றுவிட்டு, அடுத்தது எதை வாங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்பாசிடரை விற்க வைத்தது கல்யாண வீடுகள்தான். எங்கள் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு, பெண் அழைப்பு இரண்டுக்கும் கார் வேண்டும். அந்தச் சவாரிகளை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அந்த வருடம் பெருநகரில் ஒரு பெண்ணின் அப்பா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "பொண்ண இந்த டப்பாவுல ஏத்தி அனுப்பினா சம்பந்தி வூட்ல சிரிப்பாங்க. ஏசி போட்ட புது மாடல் வண்டி எடுத்துக்கினு வா, சவாரி உனக்குத்தான். இல்லன்னா நாங்க காஞ்சிபுரத்துல பேசிக்கிறோம்." வேறு இரண்டு வீடுகளிலும் இதே பேச்சுத்தான். தைக்குள் வண்டி வராவிட்டால் சவாரி போய்விடும். தப்பான வண்டி வந்துவிட்டாலோ, கையில் இருந்ததும் மனைவி கழுத்தில் இருந்ததும் சேர்ந்து போய்விடும்.

நான் பிறவியிலேயே பயந்தவன். ஹேண்ட் பிரேக் போட்டு இறங்கிய பிறகும் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால், பெரிய விஷயம் எதிலும் என் புத்தியை நானே நம்புவதில்லை. நாலு பேர் சொல்ல வேண்டும். அப்போதுதான் கார் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார், இப்போதெல்லாம் கார் வாங்கியவர்களே கம்ப்யூட்டரில் நட்சத்திரம் போட்டு மார்க் கொடுக்கிறார்கள் என்று. நாலு பேர் என்ன, நானூறு பேர் சொல்வதையே பார்க்கலாமாம்.

உடனே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டேன். சொகுசுக் கார்களிலேயே விலை குறைந்த, சின்ன அளவு வண்டிகளாகப் பார்த்து எடுத்துத் தரச் சொன்னேன். அதற்கு மேல் உள்ளதெல்லாம் பழசாக வந்தாலும் எனக்கு எட்டாது. எனக்கு எட்டக்கூடியதாக இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று தாழ்வாக, வளைந்து, பாம்பு படுத்திருப்பது போல அழகாக இருந்தது. இன்னொன்று உயரமாக, பீரோவைப் படுக்க வைத்த மாதிரி. அழகானதற்கு நாலரை நட்சத்திரம். பீரோவுக்கு மூன்று. கீழே எழுதியிருந்த ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. ஆனால் நட்சத்திரம் எண்ணத் தெரியாதா?

அங்கே பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். சாப்பிடும்போதுகூட எடுத்துப் பார்ப்பேன். என் மனைவி சலித்துப் போய், "கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கற சோசியரே இவ்ளோ நட்சத்திரம் பாக்க மாட்டாரு. சோறு ஆறுது, துன்னு" என்றாள்.

கார் புரோக்கர் ஒருவர் அந்த நாலரை நட்சத்திர வண்டியை வாலாஜாபாத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார். வெள்ளி நிறம். கீறல் இல்லை. அரிசி மில்களுக்குச் சாக்கும் கயிறும் விற்கும் ஒரு பாயுடைய வண்டி. கடைக்கு மேலேயே வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் புரோக்கரும் போனோம். பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். நாஷ்டா சாப்பிட்டுத்தான் பேச வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார். அவர் மனைவி இடியாப்பம் வைத்தார். எனக்கு இறங்கவில்லை. அட்வான்ஸ் பணம் இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கீழே வந்ததும் பையிலிருந்த தாளை எடுத்து பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நாலரையா? பரவால்லியே. வூட்ல எனக்குக்கூட இவ்ளோ மார்க் கெடையாது."

அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "வண்டி நல்ல வண்டிதான். நாங்க ரெண்டு பேரும் மெட்ராஸ் போயி வந்தா அலுப்பே தெரியாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, இதுல இன்னா சவாரி ஓட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

"கல்யாண சவாரிம்மா. பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கினு போவணும்."

"எத்தினி பேரு ஏறுவாங்க?"

"கணக்குக்கு அஞ்சு. ஏறுறது ஏழு, எட்டு."

அந்த அம்மா தாளைக் கணவரிடமிருந்து வாங்கி ஒரு முறை பார்த்தார். "இந்த ஸ்டாரெல்லாம் போட்டவங்க, மாலை போட்டுக்கினு ஏறிப் பாத்திருப்பாங்களா?"

புரோக்கர் குறுக்கே வந்தார். "அக்கா, நல்ல நேரம் போவுது. அட்வான்ஸ வாங்கிக்குங்க. மாலைய அப்புறம் போடலாம்."

"இருங்க, ஏறிப் பாத்துடலாம். காசா பணமா" என்றவர் நேராகக் கடைக்குள் போனார். புதுத் தேங்காய் நார்க் கயிற்றுச் சுருள் இரண்டை எடுத்துவந்தார். கல்யாண மாலை அளவுக்குத் தடிமன், அதைவிடக் கொஞ்சம் கனம். ஒன்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இன்னொன்றைக் கணவர் கழுத்தில் போட்டார். முக்காட்டுக்குள் ஒரு சின்னச் சொம்பைக் கவிழ்த்துக் கொண்டையில் செருகிக்கொண்டார். "உங்காளுங்க பொண்ணுக்குப் பூ ஜடை வெச்சி உசரமா தெச்சிருப்பீங்க இல்ல, அதுக்கு" என்று விளக்கம் வேறு. நாத்தனாரைக் கூப்பிட்டு ஆரத்தித் தட்டுக்குப் பதிலாகச் சோற்றுத் தட்டைக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மாவும் சிரித்துக்கொண்டே வந்து ஏறினார். பின்சீட்டில் நாலு பேர். முன்னால் நான், மடியில் குத்துவிளக்குக்குப் பதில் ஒரு குக்கரோடு புரோக்கர்.

"பாய், நீங்க வண்டி விக்கறீங்களா, நாடகம் போடறீங்களா?" என்றார் புரோக்கர். குக்கரைப் பிடித்திருந்ததால் அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழையசீவரம் மலைக்கோயில் வரைக்கும் போய் வருவது என்று முடிவானது. கல்யாணக் கூட்டம் போகிற இடம்தானே. மெயின் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அப்படி ஒரு வண்டியை நான் அதுவரை ஓட்டியதில்லை. நாலரை நட்சத்திரம் பொய்யில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பழையசீவரம் ஊருக்குள் வளைந்ததும் ஜனங்கள் தாங்களே மண்ணும் ஜல்லியும் கொட்டி மேடாக்கிய வேகத்தடை ஒன்று வந்தது. எவ்வளவு மெதுவாக ஏற்றியும் வண்டியின் அடிவயிறு அதில் உட்கார்ந்து கரகரவென்று தேய்ந்தது. என் பல்லில் தேய்ந்த மாதிரி இருந்தது. அடுத்த மேட்டிலும் அதே சத்தம். எங்கள் கிராமங்களில் அப்படிப்பட்ட மேடு தெருவுக்குத் தெரு இருக்கிறது.

மலை அடிவாரத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். அந்த அம்மா இறங்கப் பார்த்தார். சீட் பள்ளமாக இருந்ததால் எழ முடியவில்லை. தலை குனிந்தால் கயிறு முன்னால் சரிந்தது, நிமிர்ந்தால் சொம்பு கூரையில் இடித்தது. கடைசியில் நாத்தனார் கையைப் பிடித்து இழுக்க, சொம்பு உருண்டு ரோட்டில் விழுந்தது. கயிறு கதவு மூலையில் மாட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டது.

"பாத்துக்குங்க அண்ணே. பொண்ணு எறங்கிட்டா, மாலை எறங்கல" என்றார் மூச்சு வாங்க.

கோயில் வாசலில் பூ விற்ற அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பாய், கழுத்துல கயித்த மாட்டிக்கினு கீறீங்க?"

"மாட்டி இருவது வருசம் ஆச்சும்மா. இன்னிக்குத்தான் வெளிய தெரியுது" என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் பெண் இறங்கும்போது மாலை அறுந்தால் அதை யாரும் சும்மா விடமாட்டார்கள். அபசகுனம் என்பார்கள். முதல் பழி கார்க்காரன் மேல்தான் விழும்.

திரும்பி வந்ததும் பாய் கயிற்றைக் கழற்றிக் கல்லாப் பக்கத்தில் வைத்தார். "இந்த வண்டி உனக்கு வாணாம்பா. ரெண்டு பேரு போறதுக்கு இது ராஜா. உன் சவாரிக்கு ஆவாது."

வேறு பெரிய ஆள் யாராவது விலை பேசியிருப்பார்களோ என்றுகூட எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. புரோக்கர் குக்கரைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "பாய், பொங்கலுக்கு முன்னாடி வேற பார்ட்டி வராது. நீங்கதான லோடு ஆட்டோ எடுக்கணும், அவசரம், அவசரம்னு என்னைப் பேஜார் பண்ணீங்க."

"அவசரம்தான். இப்பவும் அவசரம்தான்" என்றார் பாய். "எனக்கு அவசரம். இவருக்குப் பொழப்பு. ரெண்டும் ஒண்ணா?"

அதைக் கேட்டதும் நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்க வந்தவன் நான். குறையைத் தேட வேண்டியவனும் நான். நான் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருக்க, விற்கிறவர்கள் வீட்டோடு ஏறி உட்கார்ந்து, தங்கள் வண்டியின் குறையை எனக்காகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா கயிற்றுச் சுருளை என் கையில் கொடுத்தார். "அந்த இன்னொரு வண்டி, மூணு ஸ்டார் வண்டி, அதையும் போயி பாருங்க. உங்க வூட்டம்மா கழுத்துல இத மாட்டி ஏத்தி எறக்குங்க. அவங்க எவ்ளோ மார்க் போடறாங்களோ அதான் மார்க்."

அப்படியே செய்தேன். மூன்று நட்சத்திர வண்டி ஒன்று காஞ்சிபுரத்தில் விலைக்கு இருந்தது. என் மனைவி முதலில், "கயித்த மாட்டிக்கினு காஞ்சிபுரம் தெருவுல நிக்கணுமா நானு" என்று முறைத்தாள். பிறகு மாட்டிக்கொண்டு ஏறினாள், இறங்கினாள், இன்னொரு தரம் ஏறினாள். "வூட்டு வாசப்படி ஏறுற மாதிரி கீது" என்றாள். ஸ்டாண்ட் நண்பர்களை ஏற்றிக்கொண்டு மண் மேடுகளில் விட்டுப் பார்த்தேன். அடியில் சத்தமே இல்லை. இழுவை கொஞ்சம் மந்தம், பாட்டுப் பெட்டி சுமார். அதற்குத்தான் பட்டணத்துக்காரர்கள் நட்சத்திரத்தைக் குறைத்திருக்க வேண்டும். எங்கள் பெண் அழைப்பில் யார் பாட்டுக் கேட்கிறார்கள், நாதஸ்வரம்தான் காதைப் பிளக்கிறதே.

தையில் பெருநகர் பெண்ணை அந்த வண்டியில்தான் அழைத்துப் போனேன். பூ ஜடையும் மாலையும் கசங்காமல் அவள் இறங்கி நின்றபோது, அவளுடைய அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினார். நான் ஹேண்ட் பிரேக்கை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டேன்.

பாயின் வண்டி பொங்கல் முடிந்து வெகுநாள் கழித்தே விலை போனதாம். கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் இருந்த ஒரு டாக்டர் வீட்டில் வாங்கினார்களாம். அவர்களுக்கு அது கடைசி வரை நாலரை நட்சத்திர வண்டியாகவே இருந்திருக்கும். அதுவரைக்கும் பாய் கடைச் சரக்கை வாடகை வண்டியில்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம், "பொண்ணு எறங்கினாளா, மாலை எறங்குச்சா?" என்பதுதான் அந்த அம்மாவின் முதல் கேள்வி.

அதன் பிறகு இரண்டு வண்டி மாற்றிவிட்டேன். ஒவ்வொரு தடவை பழைய வண்டியை விற்கும்போதும், வாங்க வருகிறவரிடம், "இதில் யாரை ஏற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுகிறேன். கேட்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கும். பார்ட்டி போய்விடுமோ என்றுதான் பயம். இரண்டு பேர் போயும் இருக்கிறார்கள். நார்க் கயிறு நைந்துவிட்டாலும் இன்னும் என் டிக்கியில்தான் கிடக்கிறது. எந்தக் கல்யாண வீட்டு வாசலில் கார் கதவைத் திறந்தாலும், தன் வண்டி விலை போகாமல் நிற்கும் என்று தெரிந்தும் எனக்காகக் கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்த அந்த அம்மாதான் முதலில் இறங்கி வருவது போல இருக்கிறது.