தீட்டுக்குப் படகு இல்லை

நேற்று திருவொற்றியூர்க் கடைத்தெருவில் நுங்கு வாங்கினேன். அதைச் சுற்றிக் கொடுத்த பச்சைப் பனையோலையின் வாசனை பட்டதும் நுங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு அது கோடைக்காலத்து வாசனை. எனக்குப் பிரசவ வாசனை.

சிரிக்காதீர்கள். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன்; வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளின் தொடக்கத்தில் நான் புதிதாகப் பாஸ் செய்த மருத்துவச்சி. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, ஒரு கையில் தோல் பெட்டி. சேற்றில் போய்விடுமென்று செருப்பு இன்னொரு கையில். எண்ணூர்க் கழிமுகத்தைப் படகில் தாண்டினால் அத்திப்பட்டுப் பக்கம் இருளர் குடியிருப்பு. பிள்ளை பெறப்போகிறவளுக்குத் தள்ளி ஒரு புதுக் குடிசை போடுவார்கள், பச்சை ஓலையில். தீட்டுக் கழிந்ததும் கொளுத்திவிடுவார்கள். ஆண்கள் கிட்டவே வரக்கூடாது. மாதவிலக்குக்கும் தனிக் குடிசை உண்டு.

"இதெல்லாம் மூடத்தனம்" என்று அந்தப் பெண்களிடம் பிரசங்கம் செய்வேன். என் வீட்டில் அந்த மூன்று நாளும் மாட்டுக்கொட்டகை ஓரம் தனிப் பாய், தனித் தட்டோடு கிடந்தவள்தான் நான். அதை மட்டும் சொல்லமாட்டேன்.

பொன்னிக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. அவள் புருஷன் ஏழுமலை தள்ளி நின்று தவித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வந்து தூக்குய்யா!" என்று கத்தினேன்.

"நா வரக்கூடாதும்மா. எங்க சாமி கன்னியம்மா கோச்சிக்கும்."

உள்ளே பொன்னி முனகினாள். அவன் தன் தாயைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போடா, தூக்குடா" என்றாள். எத்தனை தலைமுறைக் கட்டுப்பாடோ, ஒரு நொடியில் போயிற்று. பொன்னியை ஏந்திக்கொண்டு கரைக்கு ஓடினான்.

படகுக்காரர் எங்கள் தெருக்காரர். அண்ணே என்று கூப்பிட்டு நான் தினமும் ஏறும் படகு.

"நீ ஏறு நர்சம்மா. அத்த ஏத்தாத. தீட்டு. சாமி கும்புட்ட படகு, அப்பால நா எப்டி தொழில் பண்றது?"

கெஞ்சினேன். காலில் விழுந்தேன். படகைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்கே போய்விட்டார். வேறு படகு வருவதற்குள் பொன்னி ஏழுமலையின் மடியிலேயே போய்விட்டாள்.

மறுநாள் ரிப்போர்ட் எழுதினேன்: "பழங்குடியினரின் தீட்டு வழக்கத்தால் தாமதம், மரணம்." படகுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அந்தப் படகு வேண்டுமே! நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார் மேலதிகாரி. வெட்கக்கேடு, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது அந்தக் குடியிருப்பு இல்லை. அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் சுவர் ஓடுகிறது. படகுத்துறை தூர்ந்துபோயிற்று. ஏழுமலையின் சனங்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. உன் பெண்டாட்டியைக் கொன்றது எங்கள் தீட்டு, அதை எழுதாமல் மறைத்தவள் நான் என்று சொல்ல இன்று எனக்குத் துணிச்சல் இருக்கிறது. கேட்பதற்குத்தான் அவன் இல்லை.