என் பேரில் வைத்த வேண்டுதல்

கொசு கடித்து வந்த டிங்கிக் காய்ச்சலில் செத்துப் பிழைத்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிழைத்து வந்த பிறகு சனங்கள் பண்ணிய அட்டகாசத்தைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

மருத்துவமனையிலிருந்து ஜார்ஜ்டவுன் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். "என்னக்கா பாத்தீங்க? லைட் தெரிஞ்சிச்சா?" நினைவு தப்பிக் கிடந்தவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். தன்னடக்கமாம்! ஒருவர் அப்படித்தான் சொல்லித் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை பஜனையில் என் 'அனுபவத்தை'ப் பேசச் சொல்லி இன்னொருவர் நச்சரித்தார். பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தவர் அதுதான் காப்பாற்றியது என்றார். நண்டு சூப் கொண்டுவந்தவர் நண்டு என்றார். ஓடி ஓடிப் பார்த்த தாதிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் என் கணவரின் அக்கா. நான் மயக்கத்தில் கிடந்தபோது, பிழைத்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் நான் பால்குடம் எடுத்து மொட்டையும் போடுவேன் என்று என் பேரில் முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார்.

"என் தலைமுடிய என்கிட்ட கேக்காமயே குடுத்துட்டீங்களா அண்ணி?"

"நீதான் மயக்கத்துல இருந்தியே, எப்படி கேக்கறது? முருகன்தான் உன்னைக் காப்பாத்துனான் லா. வாக்கு தவறுனா குடும்பத்துக்கு ஆகாது."

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வார்டில் என் பக்கத்துப் படுக்கையில், தீவுக்கு அக்கரையில் உள்ள தாசேக் கெலுகோரைச் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். அவருக்கும் டிங்கிதான். எனக்கு நினைவு தப்பும்வரை பார்த்தேன், மூச்சுக்கு மூச்சு "முருகா" என்பார். நானோ பரீட்சைக்கும், பிறகு கார் நிறுத்த இடம் கிடைப்பதற்கும் மட்டும் சாமியைக் கூப்பிட்டவள். நான் பிழைத்தேன். அவர் இறந்துபோனார்.

"அப்படின்னா அவங்கள ஏன் விட்டுட்டான்?" என்று கேட்டேன்.

"அது அவங்க விதி," என்றார் அண்ணி, மீனைக் கழுவிக்கொண்டே.

எனக்கென்றால் அருள், அந்த அக்காவுக்கென்றால் விதியா? இது என்ன நியாயம்?

மொட்டைக்குக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் சண்டை ஓயட்டும் என்று பால்குடத்துக்கு மட்டும் தலையாட்டினேன். தைப்பூசத்தன்று சாலையெல்லாம் தேங்காய்ச் சில்லு, தண்ணீர்ப் பந்தல்களில் காது கிழியும் பாட்டு. எரிச்சலோடு மலைப்படி ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் மொட்டைத் தலையோடு ஒருவர் பால்குடம் சுமந்து போனார். மூச்சு வாங்க நின்று திரும்பியபோது அடையாளம் தெரிந்தது. வார்டுக்குத் தினமும் வந்துபோன அந்த அக்காவின் கணவர்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அக்காதான் இல்லையே, அண்ணே. இன்னும் எதுக்கு இதெல்லாம்?"

"பிழைச்சா எடுக்கறேன்னு அவ வேண்டிக்கிட்டா, தங்கச்சி. அவன் அவளைக் கொண்டு போயிட்டான். அவ சொன்னத நான் செஞ்சிட்டுப் போய் முன்னால நின்னு ஏன்னு கேக்கப் போறேன். அப்ப அவன் என்னைத் தட்டிக் கழிக்க முடியாதுல்ல?"

கொஞ்ச தூரம் சேர்ந்தே ஏறினோம். பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே. கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

நான் எதைப் பார்த்தேன் என்று எத்தனையோ பேர் குடைந்தெடுத்தார்கள். உண்மையில் நான் பார்த்ததைக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"வெளிய போனதும் மொதல்ல சில்லுனு இனிப்பா ஒரு செண்டோல் சாப்பிடணும்னாங்க, அண்ணே. சுகர் இருக்குன்னு நீங்க விடமாட்டீங்களாம். உங்களுக்குத் தெரியாம நான்தான் வாங்கிக் குடுக்கணும்னு சொன்னாங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். குடத்திலிருந்து பால் தளும்பி அவர் தோளில் வழிந்தது. எனக்கும் அழுகை வந்தது. அந்த மனுசி உயிரோடு இருந்திருக்கலாமே என்ற ஆத்திரமும் அதோடு சேர்ந்து வந்தது.

சன்னதியில் என் குடத்தை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு எதையும் வேண்டத் தோன்றவில்லை. முருகன் முகத்தை நேராகப் பார்த்து, "அந்த அக்காவை ஏன் கைவிட்டாய்?" என்று கேட்டேன். இத்தனை வயதில் முதல் முறையாக, எதிரில் யாரோ நிற்கிறார்கள் என்ற நினைப்போடு பதிலுக்குக் காத்து நின்றேன். பின்னால் இருந்தவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். சாவைப் பார்த்துவிட்டு வந்ததில் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கேட்டதற்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் போகிறேன்.