பல்லுக்கு வந்த பனிமான்

எமிலியானாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவருக்கும் தெரியாது. எரிச்சல் வந்தால் வீட்டடி வுச்சீரியாச் சந்தை முழுக்கத் தெரியும். மீன்காரனோடு சண்டை பிடிப்பாள், மாடிப்படி அதிர ஏறுவாள், சட்டியை அடுப்பில் ணங்கென்று வைப்பாள். 1995 ஆனி மாதம் அந்தச் சட்டிக்கு ஓய்வே இல்லை. எல்லாம் நோர்வேயின் வடக்கு மூலையில் இருந்த பெரித் என்ற ஒருத்தியால் வந்தது.

மன்னாரிலிருந்து இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து பதினொரு வருடம். பொலிதேயாமா அரங்குப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிக்கார அம்மா, வீட்டில் வேலை. எமிலியானா கலியாணம் கட்டவில்லை. தாய் செத்தபோது ஒன்பது வயதாயிருந்த தங்கை புனிதமலரை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். தங்கையோ ஜோக்கிமைக் கட்டி, அவன் வேலை செய்த மீன் தொழிற்சாலை ஊருக்கே, நோர்வேக்குப் போய்விட்டாள். இப்போது ஆறு மாதப் பிள்ளை, ஜோசுவா. எமிலியானாவுக்குச் சொந்தமென்று மிஞ்சியிருந்தது 'பெரியம்மா' என்ற பட்டம் ஒன்றுதான்.

அந்தப் பட்டத்துக்கு ஒரு வேலை உண்டு, பல்லுக்கொழுக்கட்டை. பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்திய கொழுக்கட்டைகளைக் கொட்டுவார்கள். "நான் வந்துதான் கொட்டுவன். அதுவரைக்கும் பல்லை ஒருத்தருக்கும் காட்டாதை" என்று தங்கைக்குக் கட்டளை போட்டிருந்தாள். அரிசிமாவை வறுத்து அரித்துப் போத்தலில் அடைத்தும் வைத்தாயிற்று. நோர்வே விசாதான் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கசெற் வந்தது. புனிதமலருக்குக் கடிதம் எழுதப் பஞ்சி. குரலைப் பதிந்து அனுப்புவாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. ஜோசுவாக்குப் பல்லு வந்திட்டுது. முதல் கண்டது பெரித் அக்கா."

பெரித் அக்காவாம். பெற்றவள் மாதிரி வளர்த்தவள் இங்கே இருக்க, அங்கே இன்னொரு அக்கா.

பெரித், புனிதமலரோடு அதே தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறவள், வேலை நேரம் மட்டும் வேறு. ஸாமி இனத்தவள். நோர்வே என்று ஒரு நாடு வருவதற்கு முன்பே அந்தக் குளிர்நிலத்தில் பனிமானோடு வாழ்ந்த சனம். சிறுவயதில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் தன் மொழியைக் கதைத்ததற்காக அடி வாங்கியவளாம். புனிதமலர் வேலைக்குப் போகும் நேரம் பிள்ளையை அவள்தான் பார்க்கிறாள். ஸாமிச் சனத்துக்குள் ஆளுக்கொரு பாட்டு உண்டாம். ஆளைப் பற்றிய பாட்டல்ல, அந்த ஆளேதான் பாட்டாம். ஜோசுவாவுக்கும் ஒன்று கட்டியிருந்தாள். சொல்லே இல்லாத அந்தப் பாட்டு கசெற்றில் ஓட, ஊடே ஜோசுவா கெக்கெக்கென்று சிரித்தான். எமிலியானாவுக்கு வயிறு எரிந்தது.

"இன்னொண்டு அக்கா. பல்லை முதல் கண்ட ஆள் பிள்ளைக்கு ஒரு மான்குட்டி குடுக்கிறது அவையளின்ரை வழக்கம். குடுத்திட்டா. அவவின்ரை மானுகள் அவவின்ரை தம்பியின்ரை மந்தையிலைதான் நிக்குது, குட்டியும் அங்கைதான். அது ஜோசுவான்ரையாம்."

அங்கே உயிருள்ள மான்குட்டி; இங்கே ஒரு போத்தல் அரிசிமா. எமிலியானா போத்தலை அலுமாரியின் கடைசித் தட்டில் தள்ளிவிட்டு, தெருமுனை ரெலிபோனுக்கு இறங்கினாள்.

"அவளிட்டை எத்தினை மான் நிக்குது?"

"ஏன் அக்கா?"

"ஆயிரம் மான் வைச்சிருக்கிறவளுக்கு ஒண்டு குடுக்கிறது பெரிய காரியமே? கேட்டுச் சொல்லு."

எத்தனை மாடு, எத்தனை பரப்புக் காணி என்று கேட்பது எங்கள் ஊரில் சுகம் விசாரிப்பது மாதிரி. வீட்டில் மீன் வெட்டிக்கொண்டு நின்ற பெரித்திடம் புனிதமலரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பெரித் கத்தியை வைத்தாள், கையைக் கழுவினாள், போய்விட்டாள். மந்தையின் கணக்கைக் கேட்பது அவர்களுக்கு, பிறத்தியான் வந்து அலுமாரியைத் திறந்து பார்ப்பது போல.

"கதைக்கிறாவில்லை அக்கா" என்று புனிதமலர் போனில் அழுதாள். மறைப்பானேன், எமிலியானாவுக்குக் குளுகுளுவென்றிருந்தது. அன்று சிஞ்ஞோராவின் யன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் பாடிப் பாடித் துடைத்தாள்.

அந்தச் சந்தோசம் மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் விசா இல்லையென்று கடிதம் வந்தது. அன்றைக்கே சிஞ்ஞோரா வீட்டுக்குத் தங்கையின் போனும் வந்தது.

"ஜோக்கிமும் வேலையிலை. பிள்ளையைப் பாக்க ஆளில்லை, வேலையை விட்டிட்டன். அவன் அந்தப் பாட்டில்லாமல் நித்திரை கொள்ளுறானுமில்லை. எனக்கு இஞ்சை வேறை ஆர் அக்கா இருக்கினம்?"

நான் இருக்கிறன் என்று சொல்ல வாயெடுத்தாள். பலெர்மோவில் இருந்துகொண்டு இருந்தென்ன, இல்லாமலென்ன? போனை வைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, இரவல் வாங்கிய றெக்கோடரின் சிவப்புப் பொத்தானை அமத்தினாள்.

"பெரித், நான் எமிலியானா. அந்தக் கேள்வி என்ரை, தங்கச்சியிலை பிழையில்லை. எனக்கு உங்களிலை எரிச்சல். நான் ஒரு தரமும் தூக்காத பிள்ளையை நீங்கள் ஒவ்வொரு நாளும் தூக்கிறியள். அதுதான் கேட்டனான். மா அனுப்பிறன். கொழுக்கட்டையை நீங்களே கொட்டுங்கோ."

கடைசி வசனம் மூன்றாந்தரம்தான் ஒழுங்காகப் பதிந்தது. கசெற்றையும் போத்தலையும் ஒரே பொதியாகக் கட்டி அனுப்பினாள்.

பதில் ஆவணியில் வந்தது. சிஞ்ஞோரா குடும்பம் மொண்டெல்லோக் கடற்கரை வீட்டில் இருந்தது; எமிலியானாவும் கூடப் போயிருந்தாள். மத்தியானம் எல்லோரும் படுத்தபின் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். கொழுக்கட்டை பொலபொலவென்று விழுந்தது. ஜோசுவா வீரிட்டான். பாட்டு வந்தது, அடங்கினான். பிறகு பெரித்தின் குரல். அதைத் தமிழில் சொல்லும் தங்கையின் குரல்.

"அக்கா, அந்தக் கணக்கு வெளியாக்களுக்குச் சொல்லுறேல்லையாம். வீட்டாக்களுக்குச் சொல்லலாமாம். அதாலை உங்களுக்குச் சொல்லுறாவாம். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்."

பிறகு எண்ணிக்கையைச் சொன்னாள்.

எமிலியானா கசெற்றை நிறுத்தினாள். ஆயிரம் என்றல்லவா நினைத்திருந்தாள். தன் வலது கையை விரித்துப் பார்த்தாள், விரல்கள் போதுமாயிருந்தன. அதிலிருந்துதான் பெரித் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். தான் அலுமாரியில் தள்ளிய போத்தலை நினைத்து வெட்கமாயிருந்தது.

பின்னேரம் கோப்பி கொடுக்கும்போது சிஞ்ஞோரா விடவில்லை. கதை முழுக்க அவளுக்குத் தெரியும். யன்னல் துடைத்த அன்றைக்கே கேட்டு வாங்கியவள்.

"கடைசியில் எத்தனை மானாம், எமிலியானா?"

எமிலியானா சீனிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அது எங்கடை வீட்டு விசயம், சிஞ்ஞோரா."