மாதா முகத்தில் உப்புத்தாள்

எங்கள் வீட்டு மாதா பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவள் என்றுதான் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க நம்பியது. நம்ப வைத்தவர் பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா அவர். கப்பலில் வந்த எதற்கும் அவரிடம் தனி மரியாதை உண்டு.

கூடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற மரச் சுரூபம் அது. முழங்கை உயரம் இருக்கும். வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு முன்னால் அதற்குப் புதுப் பெயிண்ட் அடிப்போம். பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பிள்ளைகளின் வேலை. எங்கள் வீட்டில் பிள்ளை என்று இருந்தது நான் ஒருத்திதான். அங்கியைத் தேய்க்கலாம், பாதத்தைத் தேய்க்கலாம், முகத்தில் மட்டும் உப்புத்தாள் படக் கூடாது. அது மரியாதைக் குறைவு. முகத்தின் மேல் பெரியப்பா அப்படியே ரோஸ் கலரை ஏற்றிவிடுவார். தலைமுறை தலைமுறையாக ஏற்றியதில் மாதா கன்னம் உப்பிப்போய், பல்வலி வந்தவள் மாதிரி இருந்தாள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் டிசம்பரில் ஒரு வெள்ளைக்கார மதாம் வந்தார். ஊர் ஸ்லோவேனியா. எங்கள் வீட்டு அட்லஸில் அப்படி ஒரு நாடே இல்லை, அவ்வளவு பழைய அட்லஸ். எழுபதை நெருங்கியவர், நெட்டை, கைகளில் லேசான நடுக்கம். கலை வரலாற்றில் அவர் பெரிய ஆள் என்று பெரியப்பா சொன்னார். அந்த நாட்டு மலைக் கிராமக் கோவில்களில் இருந்த மரச் சுரூபங்களெல்லாம் வெளிநாட்டுப் பட்டறைகளில் செய்தவை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இல்லை, உள்ளூர்த் தச்சர்கள் செய்தவை என்று ஊர் ஊராகப் போய் நிரூபித்தவர் இவராம். இவர் புத்தகத்தைத் தொடாமல் அங்கே யாரும் அந்தப் படிப்பைப் படிக்க முடியாதாம். பிரான்சில் எங்கள் உறவுக்காரர் வீட்டுச் சுவரில் எங்கள் மாதாவின் போட்டோவைப் பார்த்துவிட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

இருபது நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியும் சின்னக் கத்தியுமாக, இடது காதிலிருந்து கண் பக்கமாக நகக்கண் நகக்கண்ணாக ரோஸ் கலரைச் சுரண்டினார். அடியில் மாநிறம் தெரிந்தது. கண்ணோரத்தில் மை தீட்டிய மாதிரி ஒரு கோடு தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து அந்தக் கோட்டைக் காட்டுவார். என்னை ஒரு பெரிய மனுஷியாக நடத்திய முதல் ஆள் அவர்தான். அவர் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் பெரியப்பாவிடம் பிரெஞ்சில் நிறையப் பேசினார். பெரியப்பா தொங்கிய முகத்தோடு அம்மாவிடம் வந்து சொன்னார்.

"நம்ம மாதா கப்பல்ல வரலியாம். இங்கயே எவனோ ஆசாரி செஞ்சதாம். கலரும் நம்ம கலர்தானாம்."

"யாரு செஞ்சா என்னா, மாதா மாதாதான" என்றாள் அம்மா.

"அடுத்த டிசம்பர்ல வந்து மீதிய எடுப்பாங்களாம். அதுவரைக்கும் மொகத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாதாம். முழு மொகமும் வெளிய வந்தாத்தான் அவங்க ஆளுங்க நம்புவாங்களாம். இதான் அவங்க கடசி வேலையாம்."

பெரியப்பா வாக்குத் தவறவில்லை. அந்த ஆகஸ்டில் முகத்தை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் பெயிண்ட் அடித்தார். எனக்குத்தான் ஒரே கவலை. இரண்டு விரல் அகலத்துக்கே இருபது நாள் ஆனது. கையோ நடுங்குகிறது. மீதி முகத்தை அந்த அம்மா எப்போது முடிப்பார்?

அவர் மறுபடி வரும் நாளன்று பெரியப்பா கார் எடுத்துக்கொண்டு சென்னை ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார். அம்மா வஞ்சிரம் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். ஆகஸ்டில் மிஞ்சிய உப்புத்தாள் என்னிடம் இருந்தது.

ரோஸ் பொடி மடியெல்லாம் கொட்டியது. மாநிறம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நடுநடுவே கறுப்புக் கோடும், உதட்டில் சிவப்பும், திட்டுத் திட்டாக இருந்தன. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கடைசியில் நெற்றியிலிருந்து தாடை வரை கோடு இல்லாமல், புள்ளி இல்லாமல், வழவழவென்று ஒரே மாநிறம். அது வெறும் மரத்தின் நிறம் என்று எனக்குத் தெரியவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, கூண்டை மூடித் திரையை இழுத்துவிட்டேன்.

சாயங்காலம் மதாம் வந்ததும் உட்காரக்கூட இல்லை, நேராகக் கூண்டுக்குத்தான் போனார். நான் முந்திக்கொண்டு திரையை விலக்கினேன்.

"அடிப்பாவி, யாருடி இதப் பண்ணது?" பெரியப்பா கையை ஓங்கினார்.

"நான்தான்!" என்றேன் பெருமையாக.

மதாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குனிந்து, மாதாவுக்குக் கண் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தோல் உரிந்திருந்த என் விரல் நுனிகளை எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். "மெர்சி" என்று நன்றி சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. என் வேலையைப் பார்த்து ஒரு பெரிய படிப்பாளி அழுதுவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லாத ஆளில்லை. வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டக் கூடாது என்று மதாம் சத்தியம் வாங்கியிருந்தாராம், பெரியப்பா சாகக் கிடந்தபோது அம்மா சொன்னாள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது மதாமின் மாணவி ஒருத்தி அவருடைய கடைசிப் புத்தகத்தோடு வந்தாள். மதாம் இறந்துவிட்டிருந்தார். எங்கள் மாதாவைப் பற்றி அதில் இரண்டே வரி. முகத்தின் பழைய வண்ணம் கடற்காற்றில் உதிர்ந்துவிட்டது என்று ஒரு வரி. உள்ளூர்த் தச்சர் செய்தது என்பதற்கு இனிச் சான்று இல்லை, தன் ஊகம் மட்டுமே என்று ஒரு வரி. அவருடைய மற்றப் புத்தகங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இதை மட்டும் வயதான காலத்து ஆசை என்று ஒதுக்கிவிட்டார்களாம். கண்ணால் காணாத காரணத்தை எழுதாதே என்பதுதான் மதாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமாம்.

இருபது வயதில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மதாமின் கடைசி வேலையை அழித்தது நான். பேரே இல்லாமல் போன அந்த ஆசாரிக்கு இருந்த ஒரே சாட்சியையும் தேய்த்து எடுத்தது நான். இதற்குப் பரிகாரம் என்று ஒன்றும் கிடையாது, எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாலும்.

கடற்காற்று முகத்தை மட்டுமா தின்னும் என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம், கடற்காற்றுதான் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள்.

நான் முகத்தைத் தேய்த்த அந்த டிசம்பரில், ஒரு மாதம் தங்க வந்த மதாம் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டிவிட்டார். வேலைதான் முடிந்துவிட்டதே, அதனால்தான் சீக்கிரம் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, கார் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று துள்ளித் துள்ளி டாட்டா காட்டினேன்.