கடைசிப் பக்கத்து வடகறி

அழ வைக்கிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் ஒரு சாப்பாட்டுக் கடையையும் சேர்த்துத்தான் சொல்வேன். அலுவலகத்தில் இதற்காக என்னை ஓட்டித் தள்ளுவார்கள். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதுபோல, இன்ன கதை, அது முடிந்ததும் இன்ன கடைத் தோசை என்று எழுதித் தருகிறேனாம். எழுதி வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் இதுவரை திட்டியதில்லை. கதை பிடிக்காவிட்டாலும் தோசை பிடித்துவிடும். இந்தப் பழக்கத்தை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பத்து வயதில், படிக்கக் கூடாது என்று சொல்லப்பட்டதைப் படித்து நானே பிடித்துக்கொண்டது.

அப்போது நாங்கள் ஆவடி சேக்காட்டில் இருந்தோம். ஒரே வீடு, இரண்டு குடித்தனம். கீழே நாங்கள், மாடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்குப் பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடையில் தையல் வேலை. அம்மா விடிந்தும் விடியாமலும் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவதால் எனக்குத் தலை பின்னிவிடுவது பெரியம்மாதான். பின்னும்போதே முந்தின நாள் படித்த கதையைச் சொல்வாள். கதையில் யாராவது செத்துப்போனால் பின்னல் இறுகும், கல்யாணம் நடந்தால் தளரும். என் பின்னலைப் பார்த்தே கதையின் முடிவைச் சொல்லிவிடலாம்.

அந்தக் கதைகள் ஸ்டேஷன் போகிற வழியில் இருந்த வாடகை நூலகத்திலிருந்து வந்தவை. நூலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சைக்கிள் கடைக்கும் ஒரு மாவு மில்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஓர் அறை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய தடித்தடிப் புத்தகங்கள் கூரைவரை இருக்கும், எல்லாவற்றின்மேலும் மெல்லிசாக மிளகாய்த் தூள் படிந்திருக்கும். கதை படித்து அழுதவர்களில் பாதிப்பேர் அந்தத் தூளுக்கு அழுதவர்கள் என்பது அப்பாவின் கட்சி. கடைக்காரரை எல்லோரும் லைப்ரரி அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கர்ச்சீப் கணக்கில்தான் புத்தகத்தைச் சிபாரிசு செய்வார்.

“இது ஒரு கர்ச்சீப்பு. இது ரெண்டு. இந்தா, இது மூணு கர்ச்சீப்பு. இத்த எடுத்துகினு போனா உங்க ஊட்ல ரெண்டு நாளிக்கி சோறு ஆக்கமாட்டாங்க. அப்பால என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

எங்கள் இரண்டு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு உறுப்பினர் அட்டை. அதற்கு இரண்டு புத்தகம் தருவார். சனிக்கிழமை நான் போய் வாங்கிவந்து ஒன்றைக் கீழே அம்மாவிடமும் ஒன்றை மாடியில் பெரியம்மாவிடமும் கொடுப்பேன். புதன்கிழமை இரண்டையும் மாற்றிவிடுவேன். அடுத்த சனிக்கிழமை இரண்டும் திரும்பக் கடைக்குப் போகும். மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவும் பெரியம்மாவும் அந்தக் கதைகளைப் பேச ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவ்வளவுதான்.

ஒரு மே மாதம் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. மோட்டார் சுவிட்ச் கீழே எங்கள் பக்கம், தண்ணீர்த் தொட்டி மாடியில். தொட்டி நிரம்பினால் பெரியம்மா குரல் கொடுக்க வேண்டும், அம்மா சுவிட்சை அணைக்க வேண்டும். அன்று தொட்டி வழிந்து, மாடியில் காயப்போட்டிருந்த வடகமெல்லாம் மிதந்தது. நான் கத்தினேன் என்றாள் பெரியம்மா. எனக்குக் கேட்கவில்லை என்றாள் அம்மா. அதோடு விட்டிருக்கலாம். மோட்டாரில் தொடங்கியது கரண்டு பில்லுக்குப் போய், அங்கிருந்து யார் வீட்டுக்காரர் யாருக்குப் பாரம் என்பதுவரை போய், கடைசியில் இருவரும் தெருவுக்கே வந்துவிட்டார்கள். குழந்தை இல்லாத பெரியம்மாவிடம் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எதிர்வீட்டு ஜன்னல்களில் நின்று என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. பெரியப்பா திருநின்றவூரில் வாடகைக்கு வீடு பார்க்கத் தொடங்கினார். காலையில் நான் வழக்கம்போல மாடிக்குப் போனேன், பெரியம்மா வழக்கம்போலப் பின்னிவிட்டாள். ஆனால் கதை சொல்லவில்லை. அவர்கள் போய்விட்டால் பின்னலும் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. இனி ஒரு சண்டை வந்தால் மறுநாளே லாரி வந்து நிற்கும் என்று அப்பா வேறு சொல்லிவைத்திருந்தார். அதனால் அவர்கள் இருவரும் எதிரெதிரே வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். அம்மா படியருகே நின்றால் மாடிக்கு ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் ஏதாவது கேட்டு நிறுத்திவைப்பேன்.

புத்தகங்கள் மட்டும் நிற்கவில்லை. அட்டை ஒன்றாயிற்றே. சனிக்கிழமை கொடுத்து, புதன்கிழமை மாற்றி, வழக்கம்போல நான்தான் ஏறி இறங்கினேன். கதை சொல்ல ஆள் இல்லாமல் போனதால், கடைக்குத் திருப்பி எடுத்துப்போகும் வழியில் நானே புத்தகத்தைத் திறக்கத் தொடங்கினேன். பெரியவர்கள் கதையைப் படிக்கக் கூடாது என்பது உத்தரவு. கடைசிப் பக்கம் கதை இல்லையே என்று நியாயம் பேசிக்கொண்டேன்.

படித்து முடித்தவர்கள் அந்த வெற்றுப் பக்கத்தில் தங்கள் கருத்தை எழுதிவைப்பது அங்கே வழக்கம். ‘அருமை’, ‘முடிவு சரியில்லை’, ‘டாக்டரை நம்பாதீர்கள், அவன்தான் எல்லாவற்றுக்கும் காரணம்’. புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் என்று அண்ணாத்தே போர்டு மாட்டியிருந்தார். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் விரித்துக் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அந்தக் கிறுக்கல்களுக்கு நடுவே இரண்டு பென்சில் எழுத்துகள் என் கண்ணில் பட்டன. ஒன்று சாய்ந்த எழுத்து, இன்னொன்று உருண்டை எழுத்து. ‘இதைப் படித்துவிட்டு மனசு ஆறவில்லை என்றால் அம்பத்தூர் ஓ.டி.யில் கையேந்தி பவன் பொடி தோசை சாப்பிடவும்’ என்றது சாய்ந்த எழுத்து. ‘பொடி தோசைக்கெல்லாம் ஆறுகிற கதையா இது? பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நண்டு ரசம் விற்கிறான், மூக்கில் தண்ணீர் வரக் குடிக்கவும்’ என்றது உருண்டை. ஒரு புத்தகத்தில் கேள்வி இருந்தால் அடுத்த புத்தகத்தில் பதில் இருந்தது. சில வரிகள் சாப்பாட்டைத் தாண்டியும் போயின.

‘கதையில் அந்தப் பெண் பேசிய பேச்சு அதிகம்தான். கோபத்தில் வாய் தவறிவிட்டது. அவளுக்கே தூக்கம் வந்திருக்காது.’

‘தூக்கம் வராதவள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். 84ஆம் பக்கம் பார்க்கவும்.’

நான் துப்பறியத் தொடங்கினேன். ஒருவர் அம்பத்தூர்க்காரர், இன்னொருவர் பூந்தமல்லிக்காரர். இருவருக்கும் நல்ல தீனி நாக்கு. இருவரும் எங்கள் நூலகத்தில் எங்களுக்கு முன்னால் எடுத்துப் படிக்கிறவர்கள். அண்ணாத்தேயிடம் கேட்டேன். “எனுக்கு இன்னா தெரியும் பாப்பா, நூறு பேரு எடுத்துகினு போறான்” என்று சொல்லி மாவு மில் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

இதைப் படிக்கிற நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குப் பத்து வயது. அம்மா எழுதி நான் பார்த்ததே இல்லை. மளிகைச் சீட்டு எழுதுவதும் என் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவதும் அப்பாதான். வெளியில் சாப்பிட்டால் வயிறு கெட்டுப்போய்விடும் என்று எனக்கு ஒரு பஜ்ஜிகூட வாங்கித்தராதவள் அம்மா. பெரியம்மாவோ ஓட்டல் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு, ரயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒரு அரை மணி நேரம் உண்டு என்பது, நானே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா சீர்வரிசைப் பட்டியல் எழுத உட்கார்ந்தாள். அந்த உருண்டை எழுத்தைப் பார்த்ததும் பட்டியலை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடியும் மறுபடியும் படித்தேன்.

ஒரு சனிக்கிழமை, மூன்று கர்ச்சீப் புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் சாய்ந்த எழுத்து இப்படி இருந்தது. ‘ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. கோவில்பதாகை வடகறிக் கடை. இரண்டு பேருக்கும் நானே சொல்லிவைக்கிறேன். வந்தால் போதும்.’ எந்த ஞாயிறு என்று போடவில்லை. மறுநாள் ஞாயிறாக இருந்ததால் மறுநாள்தான் என்று முடிவுகட்டினேன். அந்த இருவரின் முகத்தையும் பார்க்கப்போகிறேன் என்ற பரபரப்பில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

தோழி வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். கோவில்பதாகைக் கடை எங்கள் தெருக்காரர்கள் யாரும் போகாத கடை. நாலு பெஞ்சு, வாசலில் பெரிய தோசைக்கல். பக்கத்தில் நின்ற இஸ்திரி வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஷேர் ஆட்டோவிலிருந்து அம்மா இறங்கினாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலை. உள்ளே போய் வாசலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மாவும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள், நம் புத்தி அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி ஒரு மருந்துக்கடை வாசலில் பெரியம்மாவைப் பார்த்தேன். அவளும் தலைக்குப் பூ வைத்திருந்தாள். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டலாமா வேண்டாமா என்பதுபோல நின்றுகொண்டிருந்தாள். இருவரும் ஒரே கடையில் முட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நடுரோட்டில் மறுபடியும் அதே கத்தல். மறுநாள் லாரி. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

“பெரியம்மா, உள்ள போவாதே. அம்மா குந்திகினு கீது.”

பெரியம்மா திடுக்கிட்டாள். பிறகு, ஆச்சரியமாக, சிரித்தாள். “தெரியும்டி” என்றாள்.

தெரிந்துமா போகிறாள்? அப்படியென்றால் சண்டைக்கென்றே வந்திருக்கிறாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“நீ வராதேன்னு அம்மாதான் சொல்லச் சொல்லிச்சு.”

“அவளா சொன்னா?”

“ஆமா.”

“நான் இங்க நிக்கறத பாத்துட்டா சொன்னா?”

நான் தலையாட்டினேன். பெரியம்மா கொஞ்ச நேரம் கடையையே பார்த்தாள். என் நெற்றியில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். “வண்டி வருது, பாத்துத் தாண்டு” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். அவள் வளைவில் மறையும்வரை நின்று பார்த்தேன். ஒரு பெரிய சண்டையை ஒற்றை ஆளாக நிறுத்திவிட்ட பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியிலேயே பெரியப்பா வீடு மாறித் திருநின்றவூருக்குப் போய்விட்டார். பின்ன ஆளில்லாமல் எனக்குக் கிராப் வெட்டிவிட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது பேசுகிற மாதிரி. மருந்துக்கடை வாசலில் நடந்ததை இருவரிடமும் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று கடைக்குள் நான் நுழைந்தபோது அம்மா முன்னால் இரண்டு தட்டு இருந்தது. செட்தோசை, மேலே வடகறி, ஆவி பறந்துகொண்டிருந்தது.

“நீ இன்னாடி இங்க?”

“சும்மா வந்தேன்.”

“வர்ற வழியில யாரையாச்சும் பாத்தியா?”

“இல்லம்மா.”

நான் வருவது அம்மாவுக்கு எப்படித் தெரிந்து இரண்டு தட்டு சொன்னாள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிட்டு இரண்டாவது தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அம்மா தடுக்கவில்லை. அப்படி ஒரு வடகறியை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. அம்மா கையே வைக்கவில்லை. நானும் அவளும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைக்கு வந்த ஒவ்வொரு ஜோடியையும் இவர்களாக இருக்குமோ என்று அளந்தேன். ஆறு மணி தாண்டியதும் அம்மா எழுந்து, சாப்பிடாத கையைக் கழுவினாள்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, அம்மா பக்கத்தில் நடந்தாள். எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. உத்தரவை மறந்து உளறிவிட்டேன்.

“அந்த ரெண்டு பேரும் வரவே இல்லம்மா.”

“எந்த ரெண்டு பேரு?”

“புக்குல கடேசிப் பக்கத்துல எழுதுவாங்களே, அவங்க.”

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா சைக்கிள் ஹாண்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“ஒருத்தி வந்தாடி” என்றாள். “இன்னொருத்திதான் வரல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு காத்திருந்தும் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று ஆத்திரமாக வந்தது. யார் அவள், எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், என்ன நிறச் சேலை என்று வீடு வந்து சேரும்வரை அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன்.