ஒகிமோத்தோ விற்ற ஒரே வண்டி

1976 ஏப்ரலில் எங்கள் மலை ஊரான ஈதாவின் ஸ்டேஷனில் வந்து இறங்கிய ஒகிமோத்தோ ஷிகெத்தோவைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாற்பத்தொரு வயது. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு தோளில் இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு கையில் துணி மூட்டை. இன்னொரு கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். ஹிரோஷிமா தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு மாட்டுகிறவர். இவரை எங்கள் கிளையில் ஒரு வருஷம் வைத்துக் கார் விற்க வைக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. பழக்கிவிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் குமகாய் தொயோஜி. பத்து வருஷமாக இந்த ஊரில் கார் விற்றுப் பிழைக்கிறவன்.

"லைசென்ஸ் கையில இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

"ஊர்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனி இருந்த நிலைமை நாட்டுக்கே தெரியும். உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் ஆகாது என்று கைகழுவிய ஒரு சுழலும் எஞ்சினை, நாங்கள்தான் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி ஓட வைத்தோம். அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடிய நேரம் பார்த்துப் பெட்ரோல் விலை ஏறியது. அந்த எஞ்சினுக்கோ பெட்ரோல் தாகம் அதிகம். விற்காத கார்கள் துறைமுகத்து மைதானத்தில் நின்று மழையில் நனைந்தன. வேறு கம்பெனியாக இருந்தால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கள் கம்பெனி அவர்களைக் கார் விற்க அனுப்பியது. ஆயிரக்கணக்கான பேர். சாயம் அடிக்கிறவர், போல்ட் முடுக்குகிறவர், வார்ப்படம் ஊற்றுகிறவர் எல்லோரும் இரவல் கோட்டோடு ரயில் ஏறினார்கள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம் இது.

"எங்க வரிசையில இப்ப மத்தியானம் வரைக்கும்தான் வேலை, குமகாய்-சான். அதுக்கப்புறம் மைதானத்துல புல்லு பிடுங்குறோம். நான் இங்க ஒரு வண்டி வித்தா, அங்க பசங்க ஒரு வண்டி செய்வாங்க. ஒண்ணாவது வித்துட்டுத்தான் வருவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ஒண்ணுதானா? நான் ஒரு மாசத்துல அஞ்சு விக்கிறவன்."

"நீங்க பெரிய ஆளு. எனக்கு ஒண்ணு போதும்."

அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடுங்க முடிந்தது. குண்டு விழுந்தபோது அவருக்குப் பத்து வயது. நடுவில் ஒரு மலை மறைத்திருந்த அத்தை வீட்டில் இருந்ததால் பிழைத்தார். அதே மலைதான் தொழிற்சாலையையும் காப்பாற்றியது. அந்த வருஷம் டிசம்பரிலேயே, ஊரே சாம்பலாகக் கிடக்கும்போது, கேட்டைத் திறந்துகொண்டு மூன்று சக்கர லாரி ஒன்று வெளியே வந்ததாம். பலகையும் ஆணியும் ஏற்றிக்கொண்டு போனதாம். கார்க் தக்கை செய்வதில் தொடங்கிய எங்கள் கம்பெனிதான் இதைச் செய்தது. "எங்க பாத்தாலும் எதுவுமே அசையாத ஊருல அது ஒண்ணுதான் அசைஞ்சுது" என்றார். பதினெட்டு வயதில் அங்கேயே சேர்ந்தார். அவர் சேர்ந்தபோது கையில் வந்த மூன்று சக்கர வண்டிகளுக்குக் கதவே கிடையாது. ஏழு வருஷம் கழித்து, சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய சின்னக் கார் வந்தபோது, இவரைக் கதவில் போட்டார்கள். அன்று முதல் பதினாறு வருஷமாகக் கதவுதான்.

விற்பனையில் அவர் எப்படி என்று கேட்டால் நான் என்ன சொல்ல. வீடு வீடாகப் போய் அறிமுகப் பரிசாகக் கைத்துண்டு கொடுத்து, குனிந்து வணங்கி, இரண்டு நல்ல வார்த்தை பேச வேண்டும். இவரோ ஹிரோஷிமாக்காரர். அவர்கள் அன்பாகப் பேசினாலே சண்டைக்கு வந்தது போல இருக்கும். "வண்டி வேணுமா?" என்று இவர் கேட்கும் கேட்பில், துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. சாத்தின கதவை இவர் சும்மா விடமாட்டார். "இது கீழ இடிக்குதே" என்று உட்கார்ந்து நகர்த்திப் பார்ப்பார். அந்தக் கோடையில் எங்கள் ஊரில் பாதி வீடுகளின் இழுப்புக் கதவுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. கார் ஒன்றும் விற்கவில்லை.

கிளை அலுவலகத்தில் எல்லோர் பெயரையும் எழுதிய பலகை உண்டு. ஒரு வண்டி விற்றால் பெயருக்கு மேல் ஒரு காகிதப் பூ. என் பெயர் பூந்தோட்டமாக இருக்கும். அவர் பெயர் மொட்டையாக இருக்கும். தினமும் காலையில் அந்தப் பலகைக்கு எதிரே நின்றுதான் கோட்டு மாட்டிக்கொள்வார். நான் ஒரு பூவை எடுத்து அவர் பெயருக்கு மேல் குத்தப் போனேன் ஒருநாள். இரக்கம்தான், வேறென்ன. கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூ குத்துனா அங்க வண்டி வருமா?"

பூவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இடையில் ஓட்டுநர் பள்ளிக்கும் போனார். இரண்டு தடவை தோற்று, அக்டோபர் கடைசியில் லைசென்ஸ் வாங்கினார். வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்ட வைத்திருக்கும் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஓதாயிரா கணவாய்ச் சாலையில் ஏறினோம். கீழே ஆப்பிள் தோட்டம், மேலே சிவந்த மரங்கள். முதல் பத்து வளைவும் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்திருந்தார். நான் உயிரைக் கையில் பிடித்திருந்தேன். அப்புறம் ஒரு வளைவில் அவர் பிடி தளர்ந்தது. வண்டி தானாக மூக்கைத் திருப்பி, வளைவை வாரிக்கொண்டு, அடுத்த ஏற்றத்தில் துள்ளிப் போனது. அவர் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. கணவாய் உச்சிவரை நிறுத்தாமல் ஓட்டினார்.

உச்சியில் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. மறைக்கவுமில்லை.

"பதினாறு வருஷமா கதவு மாட்டுறேன், குமகாய்-சான். இது இப்படிப் போகும்னு ஒருத்தனும் சொல்லலையே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பத்து வருஷமாக நான் இந்த வண்டிகளைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. ஒரு தடவைகூட இந்த மனிதர் நின்றது போல ஒரு வண்டிக்கு முன்னால் நான் நின்றதில்லை. பணக்காரன் வாங்கும் வண்டியல்ல அது. பள்ளிக்கூட வாத்தியாரும் மீன் விற்கிறவரும் வாங்கும் வண்டி. அதற்குள் இவ்வளவு சந்தோஷத்தை யாரோ வேலைமெனக்கெட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

இனி எப்படியும் ஒன்று விற்றுவிடுவார் என்று நம்பினேன். நம்பித்தான் டிசம்பரில் செகிஜிமா ஃபுசாயே வீட்டுக்கு அழைத்துப்போனேன். அவர் எங்கள் பக்கத்து மருத்துவச்சி. அறுபது வயதை நெருங்கியிருந்தார். மலைக்கிராமங்களில் இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் எடுத்தவர். என்னையும் இந்த உலகத்துக்கு இழுத்துப்போட்டவர் அவர்தான், அதனால் என்னிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. அவரிடம் இருந்தது வேறு கம்பெனியின் பழைய கார். ஓட்டுநர் பக்கத்துக் கதவு தொங்கிப்போய், இடுப்பால் இடித்துத்தான் சாத்துவார். இனி தாங்காது, புதுசு வாங்கிவிடலாம் என்று அவரே சொல்லியிருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தக் கையெழுத்தை ஒகிமோத்தோ கணக்கில் சேர்த்துவிடலாம் என்பது என் திட்டம்.

நான் உள்ளே உட்கார்ந்து நொஸாவானா கீரை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு டீ குடித்து, காகிதங்களை விரித்துப் பேனாவையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன். வெளியே டக் என்று ஒரு சத்தம். மறுபடி டக்.

மருத்துவச்சி எழுந்து போனார். ஒகிமோத்தோ பனியில் முட்டிபோட்டு, தொங்கின கதவை முழங்காலால் தூக்கிப்பிடித்துக் கீலை முடுக்கியிருந்தார். விரல் நுனியால் மெல்லத் தள்ளினார். கதவு சாத்திக்கொண்டது.

அந்த அம்மாள் திறந்தார், சாத்தினார். திறந்தார், சாத்தினார்.

"டேய் குமகாய், கதவு சரியாயிடுச்சேடா. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம் போலிருக்கே."

பேனா என் கைக்குத் திரும்பி வந்தது.

வழியெல்லாம் நான் கத்தினேன். "அவங்க கையில பேனா இருந்துச்சு. உங்களுக்கு மூளை இருக்கா? ஊருல பசங்க புல்லு பிடுங்குறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தப்புதான். கை தானா போயிருச்சு. அந்தம்மா அவசரமா போற ஆளு. கதவு அப்படித் தொங்குனா நான் எப்படி உள்ள உக்காந்து டீ குடிக்கிறது?" என்றார்.

தப்பு என்று சொன்னது மனசார. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஜனவரி போனது, பிப்ரவரி போனது. அவர் ஊர் திரும்ப ஒன்பது நாள் இருக்கும்போது மருத்துவச்சி தானாகவே கிளைக்குள் நுழைந்தார். தடித்த காலணியில் ஒட்டியிருந்த பனியை எங்கள் தரையெல்லாம் உதறினார்.

"அந்தக் கதவுக்காரர் எங்கடா? அவரோட ஓட்டிப் பாக்கணும். நீ வேணாம், நீ பேசுவ."

இருவரும் போய் ஒன்றரை மணிநேரம் ஆகியும் வரவில்லை. ஆற்றில் விழுந்துவிட்டார்களோ என்று பயந்தே போனேன். திரும்பியபோது அந்த அம்மாள்தான் ஓட்டிவந்தார், முகமெல்லாம் சிவந்து, சின்னப்பெண் மாதிரி.

"இந்த மனுஷன் ஒரு வார்த்தை விலை பேசலடா. 'இந்த வளைவுல பிரேக்கை மிதிக்காதீங்க, வண்டியை நம்பி விடுங்க'ன்னாரு. அவ்வளவுதான். நாப்பது வருஷமா எல்லாரையும் தைரியமா இருங்கன்னு நான் சொல்லிட்டிருக்கேன். என்கிட்ட ஒருத்தர் சொன்னது இன்னைக்குத்தான்."

"அப்ப வாங்குறீங்களா?" என்றேன்.

"அடுத்தவன் வண்டிக் கதவையே அப்படிப் பாத்துப் பாத்துச் சரி பண்றவரு, சொந்தக் கதவை எப்படி மாட்டுவாரு. கொண்டா பேனாவை."

ஆரஞ்சு நிறம்தான் வேண்டும் என்றார். கையிருப்பில் இல்லை. புதிதாகச் செய்துதான் வர வேண்டும் என்று நான் இழுத்ததும், ஒகிமோத்தோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மைதானத்தில் நிற்கும் பழைய சரக்கில் ஒன்றல்ல, புதிதாக ஒன்று. பலகையில் அவர் பெயருக்கு மேல் பூவைக் குத்தக் கிளைத் தலைவரே எழுந்து வந்தார். ஒகிமோத்தோ பூவைப் பார்க்கவில்லை. ஆர்டர் எண்ணைத்தான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

கதை அதோடு முடிந்திருக்கும். மருத்துவச்சி விடவில்லை. "பிறக்கிறதை நான் பாக்காம எப்படி? என்னைக்கு, எத்தனை மணிக்குன்னு கேட்டுச் சொல்லு" என்று ஒற்றைக் காலில் நின்றார். வாடிக்கையாளர் கேட்டால் கம்பெனி தலைகீழாகவும் நிற்கும் காலம் அது. ஏப்ரல் பாதியில் நானும் அவரும் ரயில் மாறி மாறி ஹிரோஷிமா போய்ச் சேர்ந்தோம். தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களை நிறுத்தினார்கள்.

சங்கிலி இழுக்க இழுக்க, நகரும் மேடைகள்மேல் கார்களின் வெறும் இரும்புக் கூடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன. ஒகிமோத்தோ அங்கே நின்றார். எனக்கு முதலில் அவரை அடையாளமே தெரியவில்லை. எங்கள் ஊரில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்த மனிதருக்கு இங்கே ஒரு அசைவும் வீணாகவில்லை. கதவு வந்து தோளில் சாய்ந்தது, முழங்கால் தாங்கியது, கீல் உட்கார்ந்தது, விரல்கள் இடுக்கை ஒரு தடவு தடவின. அதற்குள் அடுத்த கூடு வந்துவிட்டது. பதினாறு வருஷம் இதை இப்படிச் செய்திருக்கிறார், நானோ இவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"அதோ, அதான் உங்களோடது" என்று கூட வந்த அதிகாரி காட்டினார். முன்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தில் ஆர்டர் எண் தெரிந்தது.

"நான் ஆரஞ்சு கேட்டேன்" என்றார் மருத்துவச்சி.

"சாயம் இனிமேதாங்க."

"சரிதான். பிறந்த உடனே எது அழகா இருந்திருக்கு?"

வரிசையில் இருந்தவர்களுக்குச் சேதி தெரிந்திருந்தது. அந்தக் கூடு தன்னைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் அதன்மேல் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுத்தார்கள். ஒகிமோத்தோ மட்டும் வைக்கவில்லை. மற்றதற்கு மாட்டியது போலவே, அதே நேரத்தில், அதே மாதிரி மாட்டினார். எங்கள் பக்கம் திரும்பவுமில்லை. திரும்ப நேரம் ஏது.

அப்புறம் அடுத்த மேடை காலியாக வந்தது. அதன்மேல் கூடு இல்லை, ஒன்றுமில்லை. அதற்கு அடுத்ததும் காலி. வரிசை முழுக்க ஆட்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த இடைவெளியில்தான் ஒகிமோத்தோவால் எங்களைப் பார்க்க முடிந்தது. தொப்பியைக் கழற்றி, மருத்துவச்சியைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார்.

அந்த அம்மாளும் குனிந்தார். நிமிர்ந்ததும் என்னிடம் கேட்டார்.

"அது ஏன் வெறுமனே வருது?"

"ஆர்டர் இல்ல."

"அந்த மனுஷன் அங்க சும்மா நிக்கிறாரு. நீ இங்க என்னடா வேடிக்கை பாத்துட்டு நிக்கிற?"

திரும்பும்போது ரயிலில் என் எதிரே ஒகாயாமா ஸ்டேஷனில் ஒருவர் ஏறி உட்கார்ந்தார். அவர் பையை மேலே வைத்து முடிப்பதற்குள் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். ஒரு கணவாய்ச் சாலையைப் பற்றியும் அதன் வளைவுகளில் எங்கள் வண்டி போகும் விதத்தைப் பற்றியும் சொன்னேன், விலையைப் பற்றி அவராகத்தான் கேட்டார்.